ஐந்தாம் மண்டலம்... அறுபத்தைந்து கிலோ மீட்டர்!

கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி! 2020-ல் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போகணும்னா, பெரும்பாலும் இந்த மூணுல ஒண்ணு உங்க வீட்டுல நடந்திருக்கணும். அப்பத்தான் இ-பாஸ். 'சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன் சார்'னு எழுத அந்த விண்ணப்பத்துல இடமே கிடையாது பாஸ்!

பரீட்சை எழுதாமலே 'ஆல் பாஸ்' ஆன செட்டுதானே நீங்க? அப்படின்னா அந்த மார்ச் 24 சாயங்காலம் ஞாபகம் இருக்கும். ஊரே கதவைச் சாத்திக்கிச்சு. பஸ் இல்லை, ரயில் இல்லை. அந்த வருஷம் மீனாட்சி கல்யாணத்தையே மதுரை ஜனங்க செல்போன்லதான் பார்த்தாங்க. அழகர் வைகையில இறங்கவே இல்லை.

ஜூன் 1-ம் தேதி சின்னதா ஒரு ஜன்னல் திறந்தது. மாநிலத்தை எட்டு மண்டலமாப் பிரிச்சாங்க. மதுரை, விருதுநகர், திண்டுக்கல், தேனி, சிவகங்கை, ராமநாதபுரம்... இந்த ஆறும் ஐந்தாம் மண்டலம். மண்டலத்துக்குள்ளே சுத்த இ-பாஸ் வேண்டாம். ஜூன் 24-ல் மதுரைக்கு மறுபடி பூட்டு. ஆக மொத்தம் 23 நாள்!

அந்த 23 நாள்ல ஒரு ஞாயித்துக்கிழமை, நானும் என் அத்தை மகனும் மதுரையிலிருந்து கிளம்பினோம். ஆளுக்கு ஒரு பைக். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கிற கிழவிக்கு (எனக்கு அப்பத்தா, அவனுக்கு அம்மாச்சி) சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் தீர்ந்து போச்சு. பையில ரெண்டு மாசத்துக்கு மாத்திரை, ரெண்டு பாட்டில் தண்ணி, ஒரு சானிடைசர். அவ்வளவுதான் லக்கேஜ்.

தூத்துக்குடி போற நாலுவழிச் சாலை. காரியாபட்டி தாண்டினதும் ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம், நடுநடுவே பனை, வெடிச்சுக் கிடக்கிற கரிசல் மண். இந்தப் பக்கத்துக் கண்மாய்களுக்குத் தண்ணி வர்றது ஐப்பசி, கார்த்திகை மழையிலதான். ஜூன்ல எல்லாமே மைதானம். மத்த வருஷமா இருந்தா ஒவ்வொரு கண்மாயிலயும் பையன்க கிரிக்கெட் ஆடுவாங்க. அன்னிக்கு ஆடு மட்டும்தான் மேய்ஞ்சது. ஒரு பனை நிழல்ல நுங்கு வெட்டிட்டிருந்த அண்ணன், தரையில சுண்ணாம்பால வட்டம் போட்டு வச்சிருந்தார். ''வட்டத்துக்குள்ள நின்னு சாப்பிடுங்க தம்பி. ஊரு கெட்டுக் கிடக்குல்ல!''

அருப்புக்கோட்டை! 1977-ல் எம்.ஜி.ஆர் ஜெயிச்சு முதலமைச்சர் ஆன தொகுதினு தாத்தாக்கள் சொல்லுவாங்க. ஆனா ஊருக்குள்ள நுழைஞ்சா முதல்ல காதுல விழ வேண்டியது தறிச் சத்தம். சேலை நெய்யுற ஊர் இது. தெருவுக்குத் தெரு 'டக்... டக்...'னு கேட்டுக்கிட்டே இருக்கும். அன்னிக்கு ஒரு தெரு முழுக்க நடந்தோம், ஒரே ஒரு வீட்டுலதான் சத்தம். மத்த வீட்டு வாசல்ல எல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தாங்க. ''நூலு வரல, நெஞ்ச சேலையும் போகல. கல்யாணத்துக்கே அம்பது பேருதான்னா சேலை யாருப்பா எடுப்பா?'' - ஒரு பெரியவர் கேட்டார். எங்ககிட்ட பதில் இல்லை.

அடுத்தது மல்லிகை. அரும்புக்கோட்டைதான் அருப்புக்கோட்டை ஆச்சுனு ஊர்ல ஒரு கதை உண்டு. மல்லிகை கொத்துக் கொத்தாப் பூக்கிறதே பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும்தான். சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தம்... பூவுக்குக் கிராக்கி இருக்கிற நேரம் அது. அந்த வருஷம் கோயில் பூட்டு, திருவிழா ரத்து, மண்டபம் காலி. செடிக்கு ஊரடங்கு தெரியுமா? அது பாட்டுக்குப் பூத்துக் கொட்டுச்சு. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாதுன்னு செடியிலேயே விட்டுட்ட தோட்டத்தை ரோட்டோரமா பார்த்தோம். வாசனை மட்டும் மாஸ்க்கைத் தாண்டி வந்தது. 'மாப்ள, ஒரு முழம் வாங்கிட்டுப் போவமா?'ன்னான் அவன். விக்கத்தான் ஆள் இல்லை.

அங்கிருந்து சுமார் 15 கிலோ மீட்டர் திருச்சுழி. சுந்தரர் பாடின தலம். ஊர்ப் பேருக்கு ஒரு புராணக் கதை உண்டு. பிரளய வெள்ளம் வந்தப்ப சிவபெருமான் சூலத்தால தரையைக் குத்தி, வெள்ளத்தைச் சுழிச்சு உள்ள அனுப்பிட்டாராம். அதான் சுழி. வெள்ளத்தால பேர் வாங்கின ஊர்ல குண்டாறு மணலாக் கிடக்கு! கோயில் கதவு சாத்தியிருந்தது. வாசல்ல சூடம் ஏத்திட்டு ஒரு அம்மா கதவைப் பார்த்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க.

கோயில் பக்கத்துலதான் ரமணர் பிறந்த வீடு. 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன். அப்பா இறந்த பிறகு மதுரைக்குப் போய்ப் படிச்ச பையன். 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி, பதினாறு வயசுல, அண்ணனோட காலேஜ் ஃபீஸுக்கு வச்சிருந்த அஞ்சு ரூபாயில மூணு ரூபாயை எடுத்துக்கிட்டு, சீட்டு எழுதி வச்சிட்டு ரயில் ஏறிட்டார். (நீங்க ட்ரை பண்ணாதீங்க!) வழியில காசு தீர்ந்து கொஞ்ச தூரம் நடை, கடைசியில காதுக் கடுக்கனை அடகு வச்சு நாலு ரூபாய். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. அதுக்கப்புறம் 1950 ஏப்ரல் 14-ல் மறையிற வரைக்கும் அந்த ஊரை விட்டு வெளியே போகவே இல்லை. வாழ்க்கைக்கே ஒரே ஒரு ரோடு ட்ரிப்!

'வீட்டுலயே இருங்க, உள்ளுக்குள்ள பயணம் போங்க'னு அந்த நாள்கள்ல வாட்ஸ்அப்ல ஏகப்பட்ட தத்துவம் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? திருச்சுழியில நின்னப்ப எனக்கு அது ஒட்டவே இல்லை. அவர் தானா விரும்பி உட்கார்ந்தார். அருப்புக்கோட்டை வாசல்ல உட்கார்ந்திருந்தவங்களை நூல் இல்லாம உட்கார வச்சிருந்தாங்க. ரெண்டும் ஒண்ணில்லை.

ஊர் வந்தாச்சு. ஆனா உள்ளே போக முடியலை. எல்லையில, ரோட்டுக்குக் குறுக்கே கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, கம்புல வேப்பிலை கட்டியிருந்தாங்க. காவலுக்கு எங்க வயசுப் பசங்க நாலு பேர். அதுல ரெண்டு பேர் திருப்பூர்ல வேலை போய் ஊர் திரும்பி, பதினாலு நாள் ஸ்கூல் கட்டடத்துல தனியா இருந்துட்டு வந்தவங்க. ''அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உள்ள பூராம் வயசானவங்க. நீங்க மதுரையிலேருந்து வர்றீங்க...'' நியாயம்தானே? ஒருத்தன் ஓடிப்போய் கிழவியைக் கூட்டிட்டு வந்தான்.

முள்ளுக்கு அந்தப் பக்கம் அப்பத்தா. இந்தப் பக்கம் நாங்க. மாத்திரைப் பையை ஒரு கம்புல மாட்டி நீட்டினோம். ''சாப்டீங்களாய்யா?''ங்கிறதுதான் முதல் கேள்வி. மாஸ்க்கைக் கழட்டச் சொல்லி முகத்தைப் பார்த்துச்சு. பத்தடி தள்ளி நின்னு கழட்டிக் காட்டினோம். அதே கம்புல ஒரு தூக்குச்சட்டி திரும்பி வந்தது. கம்மங்கூழ், மோர் மிளகாய். பேசினது மொத்தம் பத்து நிமிஷம். நூத்தி முப்பது கிலோ மீட்டர் வண்டி ஓட்டினது அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான். போன்ல தினமும்தான் பேசுறோம். ஆனா அது இளைச்சுப் போனது போன்ல தெரியலையே!

அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி மாநிலத்துக்குள்ளே இ-பாஸ் ரத்தாச்சு, கோயில்களும் திறந்தாங்க. வேங்கடராமன் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்த அதே செப்டம்பர் 1. முள்ளை எடுத்துட்டாங்க. அப்பத்தா இன்னும் நல்லா இருக்கு, அதே மாத்திரைதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன் ஃப்ரெண்ட்ஸ். லீவுன்னாலே கொடைக்கானல், மூணாறுன்னு கிளம்புறீங்க. ஒரு தடவை இந்தப் பக்கமும் வாங்க. விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதையில அருப்புக்கோட்டை, திருச்சுழி ரெண்டு ஸ்டேஷனும் இருக்கு. மதுரையிலேருந்து பஸ்ஸும் உண்டு. மார்கழியில வந்தா கண்மாய்ல தண்ணி பார்க்கலாம், பங்குனியில வந்தா மல்லிகை. குண்டாத்தைத் தாண்டி பள்ளிமடம் பழைய கோயிலையும் பாருங்க. தொப்பியும் தண்ணி பாட்டிலும் கட்டாயம்.

தறிச் சத்தம் கேட்கிற தெருவுல ரெண்டு நிமிஷம் நில்லுங்க. அம்மாவுக்கு ஒரு சேலை எடுங்க. பூ வாங்குறப்ப பேரம் பேசாதீங்க. அங்கே யாராவது சொந்தக்காரக் கிழவி இருந்தா, காரணமே இல்லாமப் போய்ப் பாருங்க. 'சும்மாதான் வந்தேன்'னு சொல்லுங்க. இப்ப அதுக்கு பாஸ் தேவையில்லை!