ஒரே தண்ணி... ரெண்டு வெல்லம்!

அமராவதி நகர்னா டேம், முதலைப் பண்ணை, சைனிக் ஸ்கூல்... அவ்ளோதானா? ஒன்பதாறு செக்போஸ்ட்ல மூணாறு பஸ்ஸைப் பிடிச்சு, சின்னாறு காட்டைத் தாண்டிப் பாருங்க. மறையூர்! சந்தனக் காடு, முனியறைன்னு ஊரைச் சுத்திப் பார்க்க நிறைய இருக்கு. நாங்க போனது வெல்லம் ருசி பார்க்க. அதுவும் மழை கெடுத்த சீஸன்ல.

ஏன் இந்த வீம்பு? பிரான்ஸ்ல பர்கண்டின்னு ஒரு ஏரியா, ஒயினுக்குப் பேர் போனது. 2021 ஏப்ரல்ல அங்கே உறைபனி அடிச்சு, துளிர்விட்ட கொடியெல்லாம் கருகிடுச்சு. ராத்திரியெல்லாம் தோட்டத்துல மெழுகு விளக்கு ஏத்திவெச்சுக் காவல் காத்தும் விளைச்சல் படுத்துடுச்சு. ஆனாலும் அந்த வருஷ பாட்டிலைத் தேடித் திறந்து பார்க்குறவங்க இருக்காங்க. நல்ல வருஷத்துல எல்லாரும்தான் நல்லா செய்வாங்க. யாருக்குக் கைப்பக்குவம் இருக்குன்னு கெட்ட வருஷத்துலதானே தெரியும்? இருபது வயசுல ஒயினுக்கு நம்ம ஊர் சட்டம் விடாது பாஸ். வெல்லத்துக்கு ஏது வயசு!

மறையூர், காந்தளூர் ஓடையெல்லாம் பாம்பாறாகி, நம்ம அமராவதி அணைக்குத்தான் இறங்குது. மேலே கரும்புக்குப் பாயுற அதே தண்ணி, கீழே உடுமலை, மடத்துக்குளம் கரும்புக்கும் பாயுது. ஆனா 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது மேலே இருக்குற வெல்லத்துக்கு மட்டும்.

ஆலைக் கொட்டகைக்குள்ள ராட்சஸக் கொப்பரையில சாறு கொதிக்குது. அடுப்பெரிக்க, பிழிஞ்சு காயவெச்ச சக்கை. மழையோட முதல் அடி இங்கேயே! சக்கை காயலைன்னா அடுப்பு இல்லை. அடுத்த அடி கரும்புல. முத்துற நேரத்துல ஈரம் நின்னா, கரும்பு இனிப்பைச் சேர்க்காம வளர்ந்துட்டே போகும். சாறு வரும், சத்து இருக்காது. சாய்ஞ்சு கிடந்த கரும்புன்னா இன்னும் மோசம். சர்க்கரை உடைஞ்சு குளுக்கோஸ், ஃப்ரக்டோஸாப் பிரிஞ்சுடும். அப்புறம் என்ன காய்ச்சினாலும் உருண்டை இறுகாது, பிசுபிசுன்னு ஒட்டும்.

பதம் சுமார் 118 டிகிரியில வரும்ங்கிறது புத்தகக் கணக்கு. பாகு பார்க்குற அண்ணனுக்கு தெர்மாமீட்டரே வேணாம். ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு, விரலால உருட்டினார். "இறக்குங்க!"

அந்த உருண்டைதான் முதல் சாம்பிள். கரும் பழுப்பு, நேரான இனிப்பு, உப்பே இல்லை. ஆனா உடைச்சா விரல்ல ஒட்டுது. மழையோட கையெழுத்து!

ரெண்டாவது, ரோட்டோரக் கடையில 'ஒரிஜினல் மறையூர்'னு கொடுத்தது. தங்கம் மாதிரி மஞ்சள். அங்கேயே டவுட். மறையூர் வெல்லம் கறுத்துதான் இருக்கும்; இந்தப் பளபளப்புக்கு ஹைட்ரோஸ் போடுறது ஊரறிஞ்ச வித்தை. நாக்குல கடைசியா உப்புக் கரிச்சுது.

மூணாவது, மடத்துக்குளத்துல ஒரு ஆலையில வாங்கி, பையிலேயே கொண்டுபோனது. கலர் மட்டம், கல்லு மாதிரி இறுக்கம், லேசான உப்பு, நின்னு பேசுற இனிப்பு. இந்த சீஸன்ல என் ஓட்டு இதுக்குத்தான்.

கடுப்பு என்னன்னா, கீழ்நாட்டு வெல்லம் மறையூர் பேர்ல விக்குதுன்னு அங்கே விவசாயிங்க வருஷக்கணக்காப் புலம்புறாங்க. மழை வருஷத்துல மலையில வெல்லம் குறையும், அந்தப் பேருக்கு கிராக்கி குறையாது. அந்த இடைவெளியில லாரி மேலே ஏறுது. அவங்களுக்கு விலை போச்சு. நம்ம பக்கம் சுத்தமாக் காய்ச்சுறவருக்கோ பேரே இல்லை. ஒயின் பாட்டில்ல ஊரும் வருஷமும் அச்சடிச்சிருக்கும். உருண்டையில எதைப் பார்த்து வாங்குறது?

நீங்க போனா மஞ்சளா மினுக்குறதைத் தொடாதீங்க. உடைச்சு, வாயில கரையவிட்டு, கடைசி ருசி வர்ற வரைக்கும் பொறுங்க. கடையில 'சர்க்கரை'ன்னு கேளுங்க, மலையாளத்துல வெல்லத்துக்கு அதான் பேரு. காபிக்குச் சீனி வேணும்னா 'பஞ்சசார'. இருட்டுறதுக்குள்ள பஸ் ஏறிடுங்க, வழியில யானை நிக்கும்!