மின்மினிகளின் கணக்கு

அசாம் ஜாவாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத கம்போங் குவாந்தானில், இரவில் படகேறிச் சிலாங்கூர் ஆற்றைக் கண்டவர் அறிவர். கரையோரப் பெரெம்பாங் மரங்களில் மொய்த்திருக்கும் மின்மினிகள் தத்தம் விருப்பம்போல் மின்னுவதில்லை. மரம் முழுவதும் ஒரே கணத்தில் ஒளிர்ந்து, ஒரே கணத்தில் இருள்கிறது. நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை. இவ்வொழுங்கை நடத்துபவர் யார்?

மேலைநாட்டார் சிலர் இதனை நம்பவே மறுத்தனர். பிலிப் லாரன்ட் என்பார் 1917இல் ‘சயின்ஸ்’ இதழில், இது காண்பவரின் கண்ணிமைத் துடிப்பால் விளையும் மயக்கம் என எழுதினார். நம் படகோட்டிகள் கேட்டிருந்தால் நகைத்திருப்பர். 1960களில் ஜான் பக், எலிசபெத் பக் இணையர் தாய்லாந்தில் பிடித்த மின்மினிகளைப் பாங்காக் விடுதியறை ஒன்றில் விடுவித்தனர். முன்பின்னாக மின்னியவை சிறுசிறு குழுக்களாய் ஒத்திசைந்தன. அங்குத் தலைமை தாங்கிய பூச்சி எதுவுமில்லை.

தலைவனின்றி ஒழுங்கு பிறப்பது எங்ஙனம்? இதயத் துடிப்பைத் தூண்டும் உயிரணுக்களைப் பற்றி 1975இல் சார்லஸ் பெஸ்கின் அமைத்த கணித மாதிரி இதற்கு வழிகாட்டியது. ஒவ்வோர் உயிரணுவிலும் மின்னூட்டம் மெல்ல ஏறுகிறது. எல்லையைத் தொட்டதும் வெடித்து, மீண்டும் சுழியாகிறது. ஒன்று வெடிக்கையில் மற்றவை சிறிது மேலே தள்ளப்படுகின்றன. ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இம்மாதிரியைக் கணிப்பொறியில் ஓடவிட்டபோது, தாறுமாறாகத் தொடங்கியவை யாவும் இறுதியில் ஒன்றாயின. கண்ணால் கண்டதோடு அவர் நின்றுவிடவில்லை. ரெனாட்டோ மிரோலோவுடன் சேர்ந்து 1990இல் அதற்குக் கணித நிறுவலும் தந்தார்: ஏறத்தாழ எந்நிலையில் தொடங்கினும் ஒத்திசைவு உறுதி.

அந்த ‘ஏறத்தாழ’ என்னும் சொல்லை விளக்கக் கணிப்பொறி வேண்டியதில்லை. மாணவர் இருவரை ஒரே வேகத்தில் மனத்துள் பத்துவரை எண்ணச் சொல்லுங்கள். பத்தில் கைதட்டி மீண்டும் தொடங்க வேண்டும். பிறன் தட்டும் ஒலி கேட்கையில் ஐந்தைக் கடந்திருந்தால் ஓர் எண் தாவலாம், கடவாதிருந்தால் தாவக்கூடாது. சில சுற்றுகளில் இருவரும் ஒன்றாய்த் தட்டுவர். ஆனால் ஒருவன் தட்டும்போது மற்றவன் சரியாக ஐந்தில் இருந்தால் எத்தனை சுற்று சென்றாலும் இணையமாட்டார்கள். என் வகுப்பில் இவ்விடத்தில்தான் கேள்விகள் எழுந்தன. விதியை மாற்றினால் என்ன? நால்வர் எண்ணினால்? ஒருவன் மெதுவாக எண்ணினால்? பாடநூல் வினாக்களுக்கு இத்தனை கைகள் உயர்ந்து நான் கண்டதில்லை.

மெதுவாக எண்ணுபவனைப் பற்றிய வினா ஆய்வுலகிலும் எழுந்ததே. முன்னைய மாதிரியில் எல்லாப் பூச்சிகளுக்கும் வேகம் ஒன்றே. இயற்கையில் அப்படியில்லை. பார்ட் எர்மென்ட்ரவுட் 1991இல், தென்கிழக்காசிய மின்மினி இனமொன்றுக்காக, பூச்சி தன் வேகத்தையே மெல்லத் திருத்திக்கொள்ளும் மாதிரியை அமைத்தார். மாதிரி எதை விட்டுவிட்டது என்று கேட்டதன் பயன் அது.

அக்கேள்வியை நாம் இன்னும் தொடரவேண்டியுள்ளது. மேற்கூறிய எச்சமன்பாட்டிலும் பெரெம்பாங் மரம் இல்லை. ஆற்றோர ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளரும் புழுப்பருவம் இல்லை. கரையை அழித்து நட்ட செம்பனையும் செயற்கை வெளிச்சமும் இல்லை. மின்மினிகள் எவ்வாறு ஒத்திசைகின்றன என்பதை அம்மாதிரிகள் சொல்லும். அடுத்த ஆண்டு எத்தனை எஞ்சும் என்பதைச் சொல்லா. அதற்கு வேறொரு மாதிரி வேண்டும். அதற்குத் தேவையான எண்களோ கணிப்பொறிக்குள் இல்லை. படகில் சென்று மரம் மரமாகக் கணக்கெடுக்க வேண்டும்.