பெயர்ப்பலகைகள்

கோப்பை கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் நாங்கள் க்யிம்யிண்டைங்கைப் பார்த்தோம்.

நாங்கள் என்றால் பாரிசில் ஒரு றெஸ்ரோறண்டின் நிலக்கீழ்க் குசினியில் வேலை செய்யும் மூன்று பேர். அனலைதீவுப் பெரியண்ணை அடுப்படி. மற்ற இரண்டு பேரும் வெட்டுவது, கழுவுவது, குப்பை கொண்டுபோவது. மூன்று பேரிடமும் அகதி அட்டை இருக்கிறது. பட்டம் ஒருவரிடமும் இல்லை. எங்களில் ஒருவன் பல்கலைக்கழகம் வரைக்கும் போனவன். 2006 ஆவணியில் ஏ9 பாதை பூட்டப்பட்டபோது விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். பல்கலைக்கழகம் முகமாலைக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை. இதை எழுதுபவன் அவன்தான். ஆனால் கண்டது மூன்று பேரும் என்பதால் நாங்கள் என்றே எழுதுகிறோம்.

2022இன் கடைசியில் கோப்பை கழுவ ஒரு பர்மாப் பெண் வந்தாள். யாங்கோனில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தவள். 2021 மாசி முதலாம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, இங்கே ஒரு கல்லூரியில் மறுபடியும் முதலாம் வருடத்திலிருந்து தொடங்கியிருந்தாள். வாரத்தில் மூன்று இரவு எங்களோடு. தங்கள் ஊரில் மூத்தவனை 'அகோ' என்பார்களாம். நாலாம் நாள் எங்களை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். நாங்கள் தங்கச்சி என்றோம். மற்றதெல்லாம் குசினிப் பிரெஞ்சுதான். அதில் வினைச்சொல் குறைவு, கை அதிகம்.

ஒரு நாள் வேலை முடிந்து, வெட்டுமேசையைத் துடைத்து, அதில் படங்களைப் பரப்பினாள். கல்லூரிக்குச் செய்கிற வேலை. தான் பிறந்து வளர்ந்த க்யிம்யிண்டைங்கின் எழுத்துக்களை மட்டும் படமெடுத்திருந்தாள். யாங்கோனின் மேற்கு ஓரம், லைங் ஆற்றங்கரை. வெள்ளைக்காரன் காலத்தில் கெமண்டைன். ஆற்றோரத்தில் அரிசி ஆலைகளும் மரக்காலைகளும் இருந்த இடம். நகரைச் சுற்றிவரும் 46 கிலோ மீற்றர் வட்ட ரயில் பாதையில் ஒரு நிலையம். பழமும் மரக்கறியும் பூவும் வந்திறங்கும் இரவுச் சந்தை. தேத்தண்ணிக் கடை, தையல்கடை, ரயர் ஒட்டுகிற இடம், வெற்றிலைப் பெட்டி, விகாரைக்குக் காசு கொடுத்தவர்களின் பெயர்க்கல் என்று எல்லா இடத்து எழுத்தும் அந்த மேசையில் கிடந்தது. மனித முகம் ஒன்றுகூட இல்லை. ஏன் என்று கேட்டோம். முகம் இருந்தால் பொலிசுக்கு உதவும் என்றாள். எங்களுக்கு விளங்கியது. எங்களிடமும் முகம் வெட்டிய படங்கள் இருந்தன.

அவர்களுடைய எழுத்து வட்டம் வட்டமாக இருக்கும். ஓலையில் நேர்கோடு கீறினால் நரம்போடு கிழிந்துவிடும், அதனால் வளைத்து எழுதினார்கள் என்று சொல்வது வழக்கம். 1113ஆம் ஆண்டளவில் பாகனில் கல்லில் வெட்டிய மியசேதிச் சாசனத்தில் அதே எழுத்து சதுரமாகத்தான் நிற்கிறதாம். எங்கள் முன்னோரும் ஓலையில்தான் எழுதினார்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று பல இடங்களில் புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள், படிக்கிறவனே போட்டுப் படித்தான். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ஒரு பர்மாக்காரி கேட்டபோதுதான் எங்கோ வாசித்தது ஞாபகம் வந்தது.

அவள் படங்களைக் கொண்டுவந்ததற்குக் காரணம் ஒன்று இருந்தது. கடைசிப் படத்தில் ஒரு பழைய சுவர். மேலே பூசிய சுண்ணாம்பு உரிந்து, அடியில் நீல நிறத்தில் சில எழுத்துக்கள். அவற்றில் இரண்டு தன்னுடைய எழுத்துப்போல இருக்கின்றன, ஆனால் யாரோ எழுதத் தெரியாதவன் மூலை வைத்து எழுதியிருக்கிறான் என்று நெடுநாள் நினைத்திருந்தாளாம். எங்கள் சாப்பாட்டுச் சாமான் பெட்டிகளைக் கண்ட பிறகுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

நாங்கள் குனிந்து பார்த்தோம். 'ய', 'ப்', 'ப'. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஐயப்பனோ, மெய்யப்பனோ. செட்டியார் கடையோ, ஆலைக் கங்காணியின் வீடோ. ஒரு பெயரின் நடுத்துண்டு மட்டும் சுவரில் மிஞ்சியிருந்தது. பெரியண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "எங்கட ஆக்கள் உங்கையும் இருந்திருக்கினம்" என்றார்.

இருந்தார்கள்தான். பாகனில் 13ஆம் நூற்றாண்டிலேயே வணிகர்களின் விண்ணகரத்துக்குக் கொடை கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் வட்டிக் கடைக்கும் வயலுக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் தமிழர் கப்பல் கப்பலாகப் போனார்கள். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே தப்பினார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1962இல் நே வின் ஆட்சிக்கு வந்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. மறுபடியும் கப்பல். சென்னையில் பர்மா பஜார் வந்ததும், அதன் ஓரத்தில் அத்தோ விற்பதும் அந்தக் கப்பல்களால்தான். போகாமல் நின்றவர்களும் உண்டு, இன்றும் இருக்கிறார்கள். க்யிம்யிண்டைங் சுவர்க்காரர் எந்தக் கூட்டம் என்று சுவர் சொல்லவில்லை.

அந்த இரவு அவளுக்கு எழுத்துக் காட்டிக்கொடுத்தோம். எங்கள் 'ப' மேலே வாய் திறந்த பெட்டி, அவளுடைய 'ப' மேலே வாய் திறந்த வட்டம். ஒலியும் ஒன்று. 'ய'வும் அப்படியே. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்துபோன எழுத்துக்களின் வழிவந்தவை என்று அறிஞர்கள் சொல்வதை இரண்டு எழுத்தில் கண்டோம். 'ப', 'ய' இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தாள். பயா என்றால் அவர்களுக்கு ஏறக்குறையக் கோயில், புத்தர். எங்களுக்குப் பயம் என்றோம். சிரித்தாள். 'ப்'புக்கு மேலுள்ள புள்ளியைக் கேட்டாள். அது உயிரை எடுத்துவிடும், மிச்சம் மெய் என்றோம். தங்களுக்கும் அப்படி மேலே ஒரு குறி உண்டு, அதன் பெயருக்கே கொல்வது என்றுதான் பொருள் என்றாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எழுத்தின்மேல் அரசாங்கத்துக்கும் காடையருக்கும் உள்ள கோபத்தை அவளுக்குச் சொன்னோம். 1957 தையிலிருந்து எங்கள் நாட்டு வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழர் அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். 1958இல் தெற்கில் கடைகளின் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அடுத்த மாதம் தார் பூசிய கைகள் கடைகளையும் ஆட்களையும் தேடி வந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம். எழுத்தில் தொடங்கியது எழுத்தோடு நிற்கவில்லை.

அவள் தன் கதையைச் சொன்னாள். பர்மாவில் ஸோஜி என்று ஓர் எழுத்துரு; யூனிகோட் என்று இன்னொன்று. ஒன்றில் அனுப்பிய செய்தி மற்றதில் உடைந்து தெரியும். 2019 ஐப்பசி முதலாம் திகதிதான் அரசாங்கம் யூனிகோட்டுக்கு மாறியது. எங்களுக்கு இது புதினமே இல்லை. பாமினியில் தட்டிய கடிதத்தைப் பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்து, ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் நாங்கள்.

கல்லூரி முடிவு வேலைக்கு எங்களிடம் ஒன்று கேட்டாள். ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கள் ஊர்ப்பெயரைக் கையால் எழுதித்தர வேண்டும். அதைப் பெரிதாக அச்சடித்துத் தன் படங்களுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவாள். கறுப்பு மையும் தூரிகையும் கொண்டுவந்தாள்.

பெரியண்ணை அனலைதீவு என்று எழுதினார். அவருடைய 'லை' பழைய லை, முன்னால் தும்பிக்கை தூக்கி நிற்பது. தமிழ்நாட்டு அரசு 1978இல் மாற்றிய பிறகு அச்சிலிருந்து மெல்ல மெல்லப் போய்விட்ட எழுத்து. அவருக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தது அதுதான். எழுதிவிட்டு, பிழை என்று கிழிக்கப் போனார். அவள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். இந்த வடிவத்தைத் தொலைபேசியில் தேடினேன், இல்லை, இது உங்கள் கையில் மட்டும் இருக்கிறது என்றாள். அறுபது வயது மனிதர் வெட்கப்பட்டு, உலை பார்க்கிற மாதிரித் திரும்பி நின்றார்.

அடுத்தவன் முள்ளியவளை என்று எழுத வேண்டும். தூரிகையை எடுத்ததும் கை நடுங்கியது. கடைசியாகத் தமிழைக் கையால் எழுதியது எப்போது என்று யோசித்தான். பரீட்சை மண்டபம் ஒன்று ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு கையெழுத்து, படிவம், கட்டைவிரலால் தொலைபேசி, அவ்வளவுதான். மூன்று தாள் பழுதாகி நாலாவதில் வந்தது. 'வளை'யின் 'ளை' புதிய ளை. ஒரே ஓசையை இரண்டு விதமாக எழுதிய இரண்டு தலைமுறை ஒரே குசினியில் நின்றது.

2024 ஆனியில் கண்காட்சி. றெஸ்ரோறண்ட் பூட்டுகிற திங்கட்கிழமை மூன்று பேரும் குளித்து, சேட்டு மாற்றிப் போனோம். அனலைதீவு ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அதற்கு எதிரே ஒரு வெறுந்தெரு. ஒரு பெயர்ப்பலகை, பூட்டிய கதவு, வேறொன்றுமில்லை. க்யிம்யிண்டைங்கின் பன்பின்ஜி வீதி என்றாள். 2021 மார்கழி 5, ஞாயிறு காலை, அங்கே ஊர்வலம் போன இளைஞர்களை இராணுவ வாகனம் பின்னாலிருந்து மோதித் தள்ளியது. ஐந்து பேர் இறந்ததாக உள்ளூர்ச் செய்தியாளர்கள் எழுதினார்கள். இந்தப் படம் அதற்கு இரண்டு வருடம் முந்தியது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம்.

"காற்சட்டை கட்டையாக்கித் தரப்படும்."

அவ்வளவுதான். அந்தத் தெருவுக்கு அதுதான் வேலையாக இருந்தது.

திரும்பி வரும்போது மெற்றோவில் ஒருவரும் கதைக்கவில்லை. முள்ளியவளைக்காரனிடம் ஊரின் படம் ஒன்றுமில்லை. 2009இல் எல்லாம் பையோடு போய்விட்டது. அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து, ஊர்ச் சந்தியிலிருந்து தண்ணீரூற்றுப் பக்கமாக நடந்தால் வருகிற கடைகளின் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக எழுதினான். கையால்தான். பதினொன்று வந்தது. பெரியண்ணை தன் ஊர்த் துறையடிக் கடைகளைச் சொல்ல, அவையும் ஆறு.

சந்தியிலிருந்து போகும்போது இடது கைப்பக்கம், சயிக்கிள் கடைக்கும் அரைக்கிற மில்லுக்கும் நடுவில் ஒரு சின்னக் கடை இருந்தது. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. கொப்பியும் பென்சிலும் அங்கேதான் வாங்கினோம். அதன் பெயர் வரவில்லை. வாசிப்பவர்களில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கொப்பியில் அந்த இடத்தில் ஒரு வரி விட்டு வைத்திருக்கிறோம்.