இலை போடும் முன் பிரியாணி!

பேரணாம்பட்டில் டேனரி வேலை என்றால் சட்டையெல்லாம் தோல் வாடை அடிக்கும் என்பார்கள். எனக்கு அடிக்காது. நான் கம்ப்யூட்டர் ஆசாமி. தோல் லாட் வரவு பார்க்க ஒரு வெப் பக்கம் எழுதித் தந்தவன். பக்கத்தைத் திறந்தால் முதலில் காலி டேபிள் வரும். ஜாவாஸ்கிரிப்ட் அதில் லாட்டுக்கு ஒரு வரியாகச் சேர்க்கும். ரொம்ப சிம்பிள்!

ஸ்டோர்ஸ் பாய் மட்டும், ''தம்பி, சில நாள் லிஸ்ட்டே வர்றதில்ல'' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போய்ப் பார்த்தால் ஜம்மென்று வந்துவிடும். பல் டாக்டர் வாசலில் பல்வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி. முதலாளி விசாரித்தபோது, ''பாய்க்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்ல சார், என்ட்ரி போட்டிருக்க மாட்டார்'' என்று சொல்லிவிட்டேன். 30 வருஷ சர்வீஸ்காரர். அன்று சாயந்திரம் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அவர் மெஷினில் உட்கார்ந்ததும் நான் பழக்கதோஷத்தில் எஃப்12 தட்டி டெவலப்பர் ஜன்னலைத் திறப்பேன். அதில் 'டிஸேபிள் கேஷ்' என்று என்றைக்கோ நானே டிக் அடித்து வைத்திருந்தேன். அது திறந்திருக்கும்வரை ஸ்கிரிப்ட் ஃபைல் சர்வரிலிருந்து ஆடி அசைந்து வரும். அதற்குள் டேபிள் தயார். பாய் தனியாகத் திறக்கும்போதோ, ஃபைல் அவர் மெஷினிலேயே சேமிப்பில் இருக்கும். ஒரே பாய்ச்சல்! சில நாள் டேபிள் முந்தும், சில நாள் ஸ்கிரிப்ட் முந்தும். ஸ்கிரிப்ட் முந்தினால், இலை போடும் முன் பிரியாணி கொட்டின கதைதான். டேபிளைத் தேடினால் 'நல்' என்று பதில் வரும். அதில் வரியைச் சேர்க்கப் போய் ஸ்கிரிப்ட் அங்கேயே அவுட். மந்தமாக வந்தால் சரி, வேகமாக வந்தால் தப்பு. (சர்க்கார் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் இந்த ரகத்துக்கு 'ஹெய்சன்பக்' என்று பெயர். ஜிம் கிரே 1985-லேயே எழுதியிருக்கிறார். ஜாவாஸ்கிரிப்டை 1995 மே மாதம் பிரெண்டன் ஐக் 10 நாளில் உருவாக்கினார். அந்த அவசரம்தான் காரணம் என்று பழியைத் தள்ளப் பார்த்தேன். நடக்கவில்லை. ஸ்கிரிப்ட் வரியில் 'அஸிங்க்' என்று எழுதியது நான்தான். வந்ததும் ஓடு என்று அர்த்தம். அதை அடித்துவிட்டு 'டிஃபர்' போட்டேன். பக்கம் முழுக்க வாசித்தான பிறகு ஓடு. ஒரே வார்த்தை!

பாயிடம் போய் விளக்கினேன். பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

''பிக்கிள் ஏறுமுன்ன குரோம் போட்ட மாதிரி.''

பிக்கிள் என்றால் ஊறுகாய் இல்லை. தோலை உப்பிலும் ஆசிடிலும் ஊற வைப்பது.

''அவசரப்பட்டா குரோம் மேலாப்புல பிடிச்சுக்கும், நடுவுல பச்சைத் தோலாவே நிக்கும். அதனாலதான் ஒரு ஓரமா வெட்டி, வெட்டின இடத்துல இண்டிகேட்டர் விட்டு, முழுக்க மஞ்சள் காட்டினாத்தான் குரோம் போடுவோம். நீ வெட்டிப் பாக்கலியா தம்பி?''

''இல்ல பாய்.''

''சரி. நான் என்ட்ரி போட்டிருந்தேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டியா?''

முதலாளி ரூம் மாடியில். படியேறப் போனேன்.