ஐம்பத்தொன்பதை மறைத்தவன்

கால்பந்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்ட மேடைகளிலெல்லாம் நான் டிக்ஸி டீன் கதையைச் சொல்லியிருக்கிறேன். எவர்ட்டன் அணியின் சென்டர் ஃபார்வர்ட். 1927-28 சீசனில், இங்கிலாந்தின் முதல் டிவிஷனில், 39 ஆட்டங்களில் 60 கோல். கடைசி ஆட்டத்துக்குப் போகும்போது கணக்கில் 57தான் இருந்தது. எதிரே ஆர்சனல். மூன்று அடித்தார். இதுவரை எல்லாம் உண்மை. இதைச் சுற்றி நான் கட்டியதில்தான் களவு இருந்தது. அதுவும் தெரிந்தே செய்த களவு.

டீனுக்கு 1926இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டை ஓடு உடைந்தது. இனிமேல் ஆடுவாரா என்றே டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். அதே ஆண்டில் திரும்பி வந்து தலையால் முட்டிக் கோல் போட்டார். யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்க இதுவே போதும். எனக்குப் போதவில்லை. மண்டைக்குள் உலோகத் தகடு வைத்துத் தைத்தார்கள், அதனால்தான் பந்து அப்படிச் சீறிப் போனது என்று சேர்த்துக்கொண்டேன். அது வெறும் கட்டுக்கதை என்று படித்த பிறகும் நிறுத்தவில்லை. அந்த இடத்தில்தான் கூட்டம் வாய் பிளக்கும். அந்த ருசி விடவில்லை.

ஆஃப்சைடு விதி 1925இல் மாறியதையும் நான் மேடையில் சொன்னதில்லை. அதற்கு முன், பந்தை வாங்கும் ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேராவது இருக்க வேண்டும். புதிய விதியில் இரண்டு பேர் போதும். நான்கு டிவிஷன்களிலும் சேர்த்து ஒரு சீசனில் 4,700 ஆக இருந்த கோல், அடுத்த சீசனில் 6,373 ஆனது. தடுப்பாட்டக்காரர்கள் தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. இதைச் சொன்னால் என் நாயகனின் உயரம் ஓர் அங்குலம் குறைந்துவிடுமோ என்று பயம். 60 கோல் அடித்தவருக்கு என் முட்டுக் கொடுப்பு எதற்கு? அப்போது அப்படி யோசிக்கவில்லை.

இவையெல்லாம் சில்லறைத் திருட்டு. பெரியது ஜார்ஜ் கேம்செல் விஷயம்.

டர்ஹாம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் கேம்செல். உள்ளூர் டர்ஹாம் சிட்டிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 1925இல் மிடில்ஸ்பரோ வாங்கியது. 1926-27 சீசன் தொடங்கியபோது அவர் முதல் தேர்வுகூட இல்லை. இடம் கிடைத்தது, 37 ஆட்டங்களில் 59 கோல். கிறிஸ்துமஸ் அன்று மான்செஸ்டர் சிட்டியின் மைதானத்திலேயே அணியின் ஐந்து கோல்களையும் தனியாக அடித்தார். மிடில்ஸ்பரோ இரண்டாம் டிவிஷன் சாம்பியன் ஆகி மேலே ஏறியது. உச்சத்தில் அவர் இருந்தது ஒரே ஒரு வருடம். மறுவருடம் டீன் 60 அடித்துவிட்டார்.

டீன் அந்த 60ஐத் தொட்ட நாள் 1928 மே 5. அதே நாளில் மிடில்ஸ்பரோ தன் சொந்த மைதானத்தில் சண்டர்லேண்டிடம் 0-3 என்று தோற்று, மீண்டும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஒரே மாலையில் இருவருக்கும் நடந்தது இது. எழுத்தாளன் எவனும் இப்படி ஒன்றுக்காகத் தவம் கிடப்பான். நான் இதை வேண்டுமென்றே ஒதுக்கினேன். கேம்செல் உள்ளே வந்தால் டீன் தனியாக நிற்க மாட்டார். எனக்குத் தனியாக நிற்கும் நாயகன் வேண்டியிருந்தது.

ஒருமுறை ஒரு வினாடி வினா முடிந்ததும் ஒரு பையன் வந்து கேட்டான்: "சார், அதுக்கு முந்தின வருஷமே ஒருத்தர் 59 அடிச்சிருக்காரே, அவரைச் சொல்லவே இல்லையே?"

"அது செகண்ட் டிவிஷன் கணக்கு, தம்பி. அதைப் போய் இதோட சேர்க்கலாமா?"

அவன் முகம் சுருங்கியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் சொன்ன அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும், அது செல்லாத வாதம் என்று. இங்கிலாந்து அணிக்காக டீன் 16 ஆட்டங்களில் 18 கோல் அடித்தார். கேம்செல் அதே 18ஐ ஒன்பதே ஆட்டங்களில் அடித்தார். ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் கோல். ஒருவரை இரண்டாம் தரம் என்று சொல்லும் கணக்கா இது? தேர்வுக் குழுதான் ஒன்பதோடு நிறுத்தியது. பிறகு நான் அவரை மேடையிலிருந்தே நிறுத்தினேன்.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரருக்குச் சம்பள உச்சவரம்பு வாரத்துக்கு 8 பவுண்டு. 60 அடித்தாலும் அதுதான், 59 அடித்தாலும் அதுதான். அவர்களை நடத்திய முதலாளிகள்கூட அந்த விஷயத்தில் பேதம் பார்க்கவில்லை. அதைப் பார்த்தது கைதட்டலுக்கு அலைந்த நான்.

டீன் 1980 மார்ச் 1 அன்று, எவர்ட்டனின் குடிசன் பார்க்கில், லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் இறந்தார். இதையும் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். ஆடுவதை விட்ட பிறகும் பல வருடங்கள் மிடில்ஸ்பரோவிலேயே வேலை பார்த்த கேம்செலைப் பற்றி ஒரு வாக்கியம்கூடச் சொன்னதில்லை.

என்னிடம் அந்தத் தகடு கதையைக் கேட்டவர்கள் இருந்தால், தயவுசெய்து அதை வேறு யாருக்கும் சொல்லாதீர்கள். வினாடி வினா நடத்துகிறவர்கள் 60 யாருடையது என்று கேட்டால், முந்தைய வருடத்து 59 யாருடையது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.