படிவத்தில் இடமில்லாத நோய்

என் தங்கை ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கொழுந்து பறித்தவள். வயிற்றோட்டமும் இரத்தப்போக்கும் தொடங்கியபோது சீதபேதி என்றே நெடுநாள் மருந்து குடித்தாள். கண்டியில் குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்த்த பின்னர்தான் அது குரோன்ஸ் நோய் என்று தெரிந்தது. உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கும் நோய் அது. 1932இல் குரோன் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்கள் இருவரும் நியூயோர்க்கிலிருந்து அதனை விவரித்து எழுதினர். அடங்கும், மீண்டும் கிளம்பும், முற்றாகத் தீராது.

கிளம்பும் நாட்களில் பத்துத் தடவை போக வேண்டியிருக்கும். தேயிலை மலையில் எங்கே போவது? விடியலில் பெரட்டுக்கு நின்றால் மாலை நிறைவை வரைக்கும் செடிகளுக்கு நடுவில்தான். கொழுந்து குறைந்தால் அரைப் பேர். ஆகவே அவள் கண்டுபிடித்த வழி, மாலை வரை எதுவும் உண்ணாதிருத்தல். இதை அவள் எனக்குச் சொன்னதில்லை; பக்கத்து லயத்துப் பெண் சொன்னாள். 2021இல் 1,000 ரூபா, 2024இல் 1,350 ரூபா என்று தோட்டச் சம்பளப் போராட்டங்களைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவன் நான். மலையில் பெண்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று ஒரு வரி எழுதியதில்லை.

வேலையை விட்ட பிறகு உதவிக்கு அலைந்தோம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் வேலையால் நேர்ந்த பாதிப்புக்கே பொருந்தும். நோயின் பேரில் ஊழியர் சேமலாப நிதி முழுவதையும் வயதுக்கு முன்னர் பெறுவதானால், வேலை செய்ய நிரந்தரமாகவும் முற்றாகவும் இயலாதவர் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். விட்டுவிட்டு வரும் நோய்க்கு எந்த மருத்துவர் அப்படி எழுதுவார்? எஞ்சியது மாதாந்த உதவிப்பணம். 2023இல் தொடங்கிய அஸ்வெசுமவில் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் முதியோருக்கும் தனித்தனிக் கொடுப்பனவுகள் உண்டு. சிறுநீரகத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது. குடலுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மாற்றுத்திறனாளி என்றுதான் அவள் தன்னை நிரூபிக்க வேண்டும்.

விசாரணைக்குப் போன நாள் அவளுக்கு நல்ல நாள். நல்ல நாளாக இராவிட்டால் பஸ்ஸில் ஏறியிருக்கவே மாட்டாள். உத்தியோகத்தர் இளைஞர், மரியாதையானவர். "அம்மா, நடக்க முடியுதா? கை கால் சரியா?" என்று கேட்டார். "நடப்பேன் ஐயா. நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெளுத்துப் போட்ட சேலையில், நேராக உட்கார்ந்திருந்தாள். நான் குறுக்கிட வாயெடுத்தேன். என் பக்கம் அவள் திரும்பிய பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

இலண்டனிலுள்ள நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் அந்நாட்டு ஏற்பாட்டை விளக்கினார். அங்கே 2013இல் வந்த தனிநபர் சுயாதீனக் கொடுப்பனவில் நோயின் பெயர் முக்கியமன்று. கழிப்பறைத் தேவையைச் சமாளிக்க முடிகிறதா என்பதே ஒரு தனிக் கேள்வி. ஆண்டின் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் இடர் உண்டா என்றும் பார்க்கிறார்கள். அங்கேயும் வழக்காடித்தான் பெறுகிறார்கள் என்றார் நண்பர். ஆயினும் கேள்வி கேட்கப்படுகிறதே!

சென்ற வாரம் மேன்முறையீடு எழுத உட்கார்ந்தோம். மூன்று மாத நாட்குறிப்பு ஒன்று வைக்கச் சொல்லியிருந்தேன். மகளின் பழைய கொப்பியில் திகதியும் அதற்கு நேரே கோடுகளும் மட்டும் இருந்தன; சில நாட்களில் நான்கு, ஒரு நாளில் பதினான்கு. கோடுகளை எண்ணி நான் எழுதத் தொடங்கினேன்.

"அண்ணே, வயித்து வருத்தம்னு மட்டும் போடுங்களேன்" என்றாள்.

"அப்படிப் போட்டால் திரும்பவும் தள்ளிவிடுவார்கள்."

சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்ப எழுதுங்க. நான் அடுப்பைப் பார்த்துட்டு வாறேன்" என்று எழுந்து போனாள்.