ஐந்து நளன்கள்

திருநள்ளாற்றில் சனிக்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கிவிடும். நளதீர்த்தத்தில் நீராடி ஈர ஆடையோடு வருவோரும், எள்தீபம் ஏற்றுவோருமாகத் தெருக்கள் நிறைந்திருக்கும். தர்ப்பாரண்யேசுவரர் கோவிலில் சனி பகவானின் சன்னிதி முன் நிற்பவர்களிடம் அர்ச்சகர் கேட்பவை மிகச் சில: பெயர், நட்சத்திரம், இராசி, கோத்திரம். நாமும் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் இறைவனுக்காகக் கேட்கிறார் அல்லவா?

அந்தத் தயக்கமின்மைதான் என் தமக்கையை ஏமாற்றியது.

கோயம்புத்தூரில் வாழும் அவருக்கு முழங்கால் வலி, நெடும்பயணம் இயலாது. மகனுக்கு ஏழரைச் சனி என்று யாரோ சொல்ல, கைப்பேசியில் தேடி, கோவில் கோபுரப் படம் தாங்கிய ஓர் இணையப் பக்கத்தில் அர்ச்சனைக்குப் பதிவு செய்தார். மகனின் பெயர், பிறந்த நாள், முகவரி, கைப்பேசி எண் அனைத்தையும் நிரப்பினார். பிரசாதம் வரவில்லை. சில நாள்கள் கழித்து ஓர் அழைப்பு வந்தது. "அம்மா, தங்கள் மகன் பெயரில் அனுப்பிய பிரசாதம் திரும்பிவிட்டது, பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்றது பணிவான குரல். மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் பிழையின்றிச் சொன்ன அக்குரலை ஐயுற அவருக்குத் தோன்றவில்லை. வங்கி அட்டை எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் சொன்னார். ஓய்வூதியச் சேமிப்பின் பெரும்பகுதி அன்றே போயிற்று.

மோசடிக்காரர்கள் நம் விவரங்களை ஏன் இவ்வளவு நாடுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வங்கியின் பூட்டை உடைப்பது கடினம். சாவி வைத்திருப்பவரின் நம்பிக்கையைப் பெறுவது எளிது. அர்ச்சனைக் கட்டணம் சிறு மீன். திரட்டிய விவரமே அடுத்த மீனுக்கான இரை. ஆங்கிலத்தில் இதற்கு மீன்பிடித்தலை ஒலிக்கும் 'பிஷிங்' என்ற பெயர் வந்தது பொருத்தமே. காரைக்கால் கடற்கரையில் வளர்ந்தோர் அறிவர்: மீன் விரும்புவதைத்தான் தூண்டிலில் கோப்பார்கள்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று. 2025ஆம் ஆண்டில் இத்திருக்கோவிலின் பெயரிலேயே போலி இணையதளம் நடத்திப் பக்தர்களிடம் பணம் பெற்றதாகக் காரைக்கால் காவல்துறை வழக்குப் பதிந்தது. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

நளன் கதையில் தமயந்தியின் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் நின்றார்கள். நால்வர் உருமாறி வந்த தேவர்கள். தமயந்தி முகத்தை நம்பவில்லை. இமைக்கும் கண்ணையும், நிலம் தோயும் பாதத்தையும், வாடும் மாலையையும் தேடினாள். நாமும் கோபுரப் படத்தை நம்பாமல் இணைய முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். கோவில் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். பணம் பெறுவதற்குக் கடவுச்சொல் தேவையில்லை என்பதை மறக்கலாகாது.

தமக்கை இழப்பை என்னிடம் சொல்லப் பதினொரு நாள்கள் ஆயின. "படித்த தம்பி, நீ ஏசுவாயோ என்று அஞ்சினேன்" என்றார். முன்பொருமுறை அவர் கைப்பேசியில் தடுமாறியபோது நான் எள்ளி நகைத்தது நினைவுக்கு வந்தது. 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லியிருந்தால், பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அந்தப் பதினொரு நாள்களைத் திருடியவன் மோசடிக்காரன் அல்லன்; என் ஏளனம்.

மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோர் கைப்பேசியை நீட்டி ஐயம் கேட்கும்போது சலிக்காதீர்கள். ஏமாந்தவர் அஞ்சாமல் வாய்திறக்கக்கூடிய வீடுதான் தூண்டிலை அறுக்கும்.